பால்டர்ஸ் கேட்டுக்குத் திரும்பிப் போக எந்த வழி?

1998 டிசம்பரில் வந்த பால்டர்ஸ் கேட் என்ற ஆர்பிஜியை (ஒரு பாத்திரமேற்று ஒரு குழுவை நடத்திச் செல்லும் கணினி கேம்) இன்றைக்கு மறுபடியும் விளையாட ஆசைப்படுகிறவருக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. அசல் வடிவத்தை அப்படியே நிறுவி விளையாடலாம். அதே கேமை இரண்டாம் பாகத்தின் எஞ்சினில், அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளில், ஏற்றி விளையாடலாம். பீம்டாக் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த என்ஹான்ஸ்டு எடிஷன் என்ற மேம்படுத்திய பதிப்பைக் கணினியிலோ டேப்லெட்டிலோ போட்டுக்கொள்ளலாம். ஆர்வலர்கள் எழுதிய ஜெம்ஆர்பி என்ற எஞ்சினில் ஓட்டலாம். இல்லை, பழையது பழையதாகவே இருக்கட்டும் என்று பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி, பால்டர்ஸ் கேட் 3 போன்ற வாரிசுகள் பக்கம் போய்விடலாம்.

எந்த வழி நல்லது என்று மட்டும் கேட்டால் சண்டைதான் வரும். அந்தக் கேமில் உங்களுக்கு எது திரும்ப வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். சிலருக்கு அந்தத் திரை வேண்டும்: சாம்பல் கல்லில் செதுக்கியதுபோன்ற ஓரச்சட்டம், மைக்கேல் ஹோனிக்கின் இசை, அத்தியாயத் தொடக்கத்தில் கனத்த குரலில் வாசிக்கப்படும் கதைப்பகுதி. சிலருக்கு விதிகள் வேண்டும். சிலருக்கு மின்ஸ்க் என்ற தோழனும் அவன் கையிலிருக்கும் பூ என்ற வெள்ளெலியும் போதும். எனக்கு வேண்டியது வேறு. பெரிய உலகத்தில் எதற்கும் லாயக்கில்லாத ஒரு சின்னக் குழுவாக நடந்துபோகும் அந்தப் பயம்தான் எனக்கு இந்தக் கேமின் உயிர். அதைக் காப்பாற்றுகிற வடிவம் நல்ல வடிவம், அதைக் கரைத்துவிடுகிற வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த அளவுகோலை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அது என்ன பயம் என்று விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேண்டில்கீப் என்ற நூலகக் கோட்டையில் வளர்ந்த அனாதை நீங்கள். மதிலைத் தாண்டி வெளியே வந்த முதல் இரவிலேயே வளர்ப்புத் தந்தை கோரியன் கொல்லப்படுகிறார். மறுநாள் காலை இமோயன் என்ற தோழி வந்து சேர்ந்துகொள்கிறாள். காலித், ஜஹேரா என்று இருவர் ஃபிரெண்ட்லி ஆர்ம் சத்திரத்தில் காத்திருப்பார்கள் என்பது மட்டும்தான் தெரியும். எப்படியோ சத்திரத்துக்கு வந்து சேர்ந்தால் படிக்கட்டிலேயே டார்னெஷ் என்ற மந்திரவாதி நிற்கிறான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, குழுவே திசை தெரியாமல் ஓடும்படி ஒரு பயமுறுத்தும் மந்திரத்தை ஏவுகிறான். அடுத்து மாய அம்புகள். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி நான்கு, உடல்வலு நன்றாக இருந்தால் ஆறு. அவ்வளவுதான், கதை முடிந்தது. சத்திரத்தின் கதவைத் திறப்பதற்குள் செத்துப்போன அனுபவம் அந்தக் காலத்தில் இதை விளையாடிய ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும்.

லெவல் ஏறுவதும் அப்படித்தான், மெதுவாக. அசல் கேமில் அனுபவப் புள்ளிக்கு 89,000 என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் விளையாடி முடித்தாலும் ஒரு போர்வீரன் ஏழாவது லெவலோடு நிற்பான். மந்திரவாதி எட்டாவது லெவலுக்குப் போக 90,000 புள்ளி வேண்டும், ஆயிரம் புள்ளியில் அது கைநழுவும். 1999-இல் வந்த டேல்ஸ் ஆஃப் தி ஸ்வார்ட் கோஸ்ட் என்ற கூடுதல் பாகம்தான் அந்த வரம்பை 1,61,000-க்கு உயர்த்தியது. கேமின் பெயரில் இருக்கிற நகரத்துக்குள் நுழைவதற்கே ஐந்தாம் அத்தியாயம்வரை காத்திருக்க வேண்டும். இந்த நிதானம் தெரிந்து செய்ததுதான் என்று நினைக்கிறேன். கனடாவின் எட்மன்டனில் டாக்டர்கள் சேர்ந்து தொடங்கிய பயோவேர் நிறுவனம் இதைச் செய்தபோது, குழுவில் பெரும்பாலானவர்களுக்கு கேம் செய்து பழக்கமே கிடையாது. தலைமை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஓலன் தன் நண்பர்களோடு மேஜையில் ஆடிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டங்களிலிருந்து பாத்திரங்களை எடுத்து வந்தார். மின்ஸ்க் அப்படி வந்தவன்தான். மேஜை ஆட்டத்தில் முதல் லெவல் என்றால் எப்படிப் பயந்து பயந்து ஆடுவார்களோ, அதே பயம் திரைக்கும் வந்தது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதலில் அசல் வடிவம். ஐந்து சிடிகளில் வந்தது, பகுதி மாறும்போது சிடியையும் மாற்ற வேண்டியிருக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. கேம்களை இணையத்தில் விற்கும் ஜிஓஜி தளத்தில் என்ஹான்ஸ்டு எடிஷனை வாங்கினால் அசல் வடிவமும் கூடவே வருகிறது. ஆகவே இதற்கென்று தனியாகச் செலவில்லை, ஒரு மாலை நேரம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். (ஜிஓஜிக்கும் இந்தக் கேமுக்கும் பழைய உறவு உண்டு. அந்தத் தளத்தைத் தொடங்கிய சிடி ப்ராஜெக்ட் போலந்தில் முதன்முதலில் பெரிதாகப் பெயர் வாங்கியதே பால்டர்ஸ் கேட்டை முழுக்க முழுக்கப் போலிஷ் மொழியில், அந்த நாட்டின் பிரபல நடிகர்களின் குரலோடு வெளியிட்டுத்தான். பிறகு அவர்களே விட்ச்சர் கேமைச் செய்தபோது பயோவேரின் எஞ்சினைத்தான் வாங்கிப் பயன்படுத்தினார்கள்.)

அசலின் திரை 640-க்கு 480 புள்ளிகள், அதற்கு மேல் போகாது. இன்றைய மானிட்டரில் முழுத்திரையாகப் போட்டால் எல்லாம் பெரிதாக, கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பலர் இதைப் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சிறிய சட்டத்துக்குள் உங்கள் குழுவின் ஆறு பேரும் பெரிதாகத் தெரிகிறார்கள், அவர்களைச் சுற்றியுள்ள காடு கொஞ்சம்தான் தெரிகிறது. ஓரத்திலிருந்து ஒரு ஓநாய் வந்தால் அது கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படும். பின்னணி ஓவியங்களை வரைந்தவர்கள் மனதில் வைத்திருந்த தூரமும் இதுதான்.

உண்மையான குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. நடக்கச் சொன்ன இடத்துக்குக் குழு ஒழுங்காகப் போகாது. குறுகலான நாஷ்கெல் சுரங்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, கடைசி ஆள் திரும்பி வேறு வழியாகச் சுற்றிப் போய்க் கண்ணியில் காலை வைப்பான். தரையில் கிடப்பதையும் பெட்டிகளையும் காட்டித்தரும் பொத்தான் கிடையாது, சுட்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தித் தேட வேண்டும். 20 அம்புக்கு மேல் ஒரே கட்டத்தில் நிற்காது என்பதால் வில்லாளி வைத்திருப்பவர்களுக்குப் பை அடுக்குவதே பாதி வேலை. நடையும் மெதுவு. அமைப்புக் கோப்பில் நொடிக்கு 30 படச்சட்டம் என்றிருக்கும் அளவை ஏற்றிவிட்டால் கேமே வேகமாக ஓடும், அந்த ஒரு மாற்றத்தை மட்டும் யாராக இருந்தாலும் செய்துகொள்ளச் சொல்வேன். விண்டோஸின் புதிய பதிப்புகளில் நிறம் சிதறுவது, திரை உறைவது போன்ற தொல்லைகளும் சில கணினிகளில் வரும்.

ஒரு விஷயத்தில் அசலை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது. அதில் நீங்கள் உண்மையிலேயே பலவீனமானவர். இரண்டு கையிலும் வாள் பிடிக்கும் வித்தை கிடையாது. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் (போர்வீரன், திருடன் போன்ற பாத்திர வகை) இருக்கும் சிறப்புப் பிரிவுகள், பிற்காலத்தில் வந்த சார்சரர், மங்க், பார்பேரியன் எதுவும் கிடையாது. இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். உறக்க மந்திரம் ஒன்று, கொஞ்சம் அம்பு, கதவோரமாக நின்று சண்டை போடும் சாமர்த்தியம், இவைதான் உங்கள் ஆயுதங்கள்.

அடுத்தது, முதல் பாகத்தை இரண்டாம் பாகத்தின் எஞ்சினில் ஏற்றுவது. 2000-இல் வந்த ஷேடோஸ் ஆஃப் ஆம்ன் என்ற அந்த இரண்டாம் பாகம் அதே இன்ஃபினிட்டி எஞ்சினின் மேம்பட்ட வடிவத்தில் ஓடியது. கொஞ்ச காலத்திலேயே ரசிகர்கள் டுட்டு என்ற ‘மாட்’டை (கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் சேர்க்கை) எழுதி, முதல் பாகத்தின் கோப்புகளை அதற்குள் கொண்டுபோனார்கள். இரண்டு பாகங்களையும் ஒரே நீண்ட கேமாக இணைக்கும் பிஜிடி மாட்டும் வந்தது. இரண்டு கேமும் உங்களிடம் இருந்தால்தான் இவை வேலை செய்யும். பல வருடங்களாக மறுபடி விளையாட விரும்பியவர்களுக்கு இதுதான் ராஜபாட்டையாக இருந்தது. வைட்ஸ்கிரீன் மாட், உரையாடல்களைக் கூட்டித்தரும் என்பிசி ப்ராஜெக்ட், பாதியில் விடப்பட்ட குவெஸ்ட்களை (குழு செய்து முடிக்க வேண்டிய பணிகள்) முடித்துவைக்கும் அன்ஃபினிஷ்டு பிசினஸ் எல்லாம் இந்த அடித்தளத்தின்மேல் வளர்ந்தவைதான். இவற்றை நிறுவ உதவும் வெய்டியு என்ற கருவி இன்றும் இந்த உலகத்தின் முதுகெலும்பு.

ஆனால் இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இந்த வழியைச் சொல்லமாட்டேன். எந்த மாட்டுக்குப் பிறகு எந்த மாட் என்று வரிசை பார்த்து நிறுவுவதிலேயே வார இறுதி போய்விடும். வரிசை தப்பினால் நாலாவது அத்தியாயத்தில் ஒரு கதவு திறக்காது. இரண்டாம் பாகத்தின் விதிகள் வந்துவிடுவதால் அசலின் எளிமையும் கிடைக்காது. முதல் பாகத்தில் பையைத் திறந்தால் கேம் நின்று காத்திருக்கும், இரண்டாம் பாகத்தின் எஞ்சினில் நீங்கள் பைக்குள் துழாவிக்கொண்டிருக்கும்போதே அடி விழும். அசலின் நெருக்கமும் இல்லை, புதிய பதிப்பின் வசதியும் இல்லை என்கிற நடுநிலையில் அது நிற்கிறது. ஏற்கெனவே சரியாக அமைத்து வைத்திருப்பவர்கள் மாற்றத் தேவையில்லை, அவ்வளவுதான்.

இப்போது என்ஹான்ஸ்டு எடிஷன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலானவர்களின் முடிவு இதில்தான் போய் நிற்கும்.

பயோவேரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ட்ரென்ட் ஆஸ்டர் பின்னாளில் பீம்டாக்கை நடத்தினார். பழைய எஞ்சினை எடுத்துச் சீர்செய்து 2012 நவம்பரில் இதை வெளியிட்டார்கள். எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும் என்பதுதான் அவர்களின் முதல் ஆசை. ஆனால் பின்னணிக் காட்சிகளை உருவாக்கிய மூலக் கோப்புகள் தொலைந்துபோயிருந்தன. அதனால் 1998-இல் கண்ட அதே ஓவியங்களைத்தான் இன்றும் காண்கிறோம், அவற்றைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், அகலத் திரையில் பார்க்கலாம். அந்த மூலக் கோப்புகள் தொலைந்தது வருத்தமான செய்திதான். ஆனாலும் அதனால் இந்தக் கேமுக்கு ஒரு நன்மை நடந்தது என்றே எனக்குப் படுகிறது. பெரகாஸ்ட் ஊரின் கூரைகளையும் கிளோக்வுட் காட்டின் ஈரத்தையும் யாரும் புதிய பளபளப்போடு மாற்றி வரையவில்லை.

வசதிகள் நிறைய. தரையில் கிடப்பதைக் கீழே ஒரு பட்டையில் காட்டிவிடும், ஒவ்வொரு பிணமாகக் குனிய வேண்டாம். பெட்டிகளையும் கதவுகளையும் ஒரே பொத்தானில் ஒளிரச் செய்யலாம். குழு ஒழுங்காக நடக்கிறது. எழுத்தின் அளவை மாற்றலாம், நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. அசலில் இருந்த எத்தனையோ பிழைகள் களையப்பட்டிருக்கின்றன. நிறுவினால் உடனே ஓடுகிறது, இதற்காகவே பலர் மறுபேச்சில்லாமல் இதைத் தேர்ந்தெடுப்பார்கள், அதில் தவறும் இல்லை.

இழப்பு எங்கே என்றால், மூன்று இடங்களில்.

ஒன்று, முன்பு சொன்ன சிறப்புப் பிரிவுகளும் புதிய வகுப்புகளும். இரண்டாம் பாகத்தில் பெரிய எதிரிகளுக்காக வடிவமைத்த பலங்களோடு முதல் லெவலில் இறங்கினால் டார்னெஷ் யாருக்கும் பயமாக இருக்கமாட்டான். இரண்டு, புதிய தோழர்கள். நீரா, டோர்ன், ரசாட் என்ற மூவரைச் சேர்த்திருக்கிறார்கள். மோசமான பாத்திரங்கள் இல்லை. ஆனால் அசல் தோழர்கள் சேர்ந்த பிறகு அதிகம் பேசமாட்டார்கள், நாலு வரிக் குரலிலேயே தங்களைக் காட்டிவிட்டுப் போவார்கள். இவர்களோ நீண்ட உரையாடல், காதல், சொந்தக் குவெஸ்ட் என்று வருகிறார்கள். ஒரே குழுவில் இரண்டு தலைமுறை எழுத்து கலந்து நிற்பது காதில் உரசுகிறது. மூன்றாவது காணொளிகள். அசலின் முப்பரிமாணக் காட்சிகளுக்குப் பதில் கையால் வரைந்த ஓவியங்களை அசைத்து வைத்திருக்கிறார்கள். ஓவியங்கள் அழகுதான், ஆனால் கோட்டை உச்சியில் கொம்புக் கவசத்தோடு நிற்கும் அந்த உருவம் முதன்முதலில் வரும் காட்சியின் கரடுமுரடான பயங்கரம் இதில் வரவில்லை. பழைய காணொளிகளைத் திருப்பி வைக்கும் மாட் உண்டு, அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

இந்த மூன்றில் முதல் இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். வேண்டாம் என்றால் தேர்ந்தெடுக்காமல் விடலாம். புதியவர்களைச் சந்தித்தாலும் சேர்க்காமல் போகலாம். யாரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை. அசலில் இருக்கும் 25 தோழர்களில் எத்தனை பேரோடு நீங்கள் உண்மையிலேயே கடைசிவரை நடந்திருக்கிறீர்கள்? பெரும்பாலானவர்கள் இமோயன், மின்ஸ்க், ஜஹேரா என்று அதே முகங்களோடுதான் எல்லா முறையும் முடித்திருப்பார்கள்.

பெரிய ஆபத்து ஸ்டோரி மோட். பிற்பாடு வந்த ஒரு புதுப்பிப்பில் இதைச் சேர்த்தார்கள். இதைப் போட்டால் குழு சாகாது. கதையை மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தின் கதை அப்படியொன்றும் தனியாக நிற்கும் கதை இல்லை. இரும்புத் தட்டுப்பாடு, வணிகக் கூட்டங்களின் சூழ்ச்சி, சரேவோக் என்ற எதிரி யார் என்ற ரகசியம், இவற்றைச் சுருக்கினால் இரண்டு பக்கத்தில் அடங்கும். மீதி எல்லாம் அடுத்த வளைவில் என்ன இருக்குமோ என்று தயங்கித் தயங்கி நடந்த நடைதான். சாகவே மாட்டோம் என்று தெரிந்துவிட்டால் அந்தக் காடுகள் வெறும் காலி நிலம். நேரம் குறைவு என்று ஸ்டோரி மோடில் தொடங்கிய பலர் மூன்றாம் அத்தியாயத்தில் அலுத்துப்போய் விடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டாம் பாகமோ அதே எஞ்சினில் ஓடும் பிளேன்ஸ்கேப் டார்மென்ட் கேமோ என்றால் எழுத்தே தாங்கிப் பிடித்துவிடும், முதல் பாகத்துக்கு அந்தப் பலம் இல்லை.

எதிர்த்திசையில் ஸ்வார்ட் கோஸ்ட் ஸ்ட்ராட்டஜம்ஸ் என்ற மாட் இருக்கிறது. எதிரிகளைப் புத்திசாலியாக்கும், மந்திரவாதிகள் உண்மையான மந்திரவாதிகள்போல் தற்காத்துக்கொள்வார்கள். மிக அருமையான வேலை. ஆனால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல்முறையாகத் திரும்புகிறவர் இதைப் போட வேண்டாம். விதிகள் மறந்திருக்கும். பாதுகாப்பு எண் குறையக் குறையத்தான் நல்லது, தாக்கோவும் (அடி படுவதற்கான கணக்கு எண்) அப்படியே என்பதையெல்லாம் கை பழகிக்கொள்ளக் கொஞ்சம் நாள் வேண்டும். அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டேப்லெட் பற்றி. 2012 டிசம்பரிலேயே ஐபேடுக்கு வந்துவிட்டது, பிறகு ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி யோசிக்கலாம் என்பதால் தொடுதிரைக்கு இந்தக் கேம் எதிர்பாராத அளவு பொருந்துகிறது. ரயிலில், காத்திருக்கும் இடங்களில், குழந்தை தூங்கிய பிறகு அரை மணி நேரம் என்று விளையாடுகிறவர்களுக்கு வேறு எதுவும் இவ்வளவு ஒத்துவராது. வேலை, குடும்பம் என்றான பிறகு மேஜை முன்னால் மூன்று மணி நேரம் உட்காருவதே நடக்காத காரியம் என்றால் தயங்காமல் இதை எடுங்கள். பத்து அங்குலத் திரைக்குக் கீழே போனால் மட்டும் யோசிக்க வேண்டும். கைபேசியில் எழுத்தும் பொத்தான்களும் நெருக்கமாகி, அவசரத்தில் தப்பான ஆள்மேல் மந்திரம் விழும். மாட் போடுவதும் அங்கே எளிதில்லை. 2019-இல் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் வடிவங்களும் வந்தன. சோபாவில் சாய்ந்து விளையாட நன்றாக இருக்கிறது, ஆறு பேரைக் கன்ட்ரோலரில் நிறுத்தி வைப்பது மட்டும் பொறுமையைச் சோதிக்கும்.

எங்கே வாங்குவது என்பதிலும் ஒரு வார்த்தை. 2013 ஜூனில் ஓர் ஒப்பந்தப் பிரச்சினையால் என்ஹான்ஸ்டு எடிஷன் கடைகளிலிருந்தே எடுக்கப்பட்டது, ஆகஸ்டில்தான் திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் வாங்க நினைத்தவர்களுக்கு வழியே இல்லை. பழைய கேம்களின் உரிமை பல கைகளில் சிதறிக் கிடப்பதால் இப்படி எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். ஆகவே பூட்டு எதுவும் இல்லாத நிறுவல் கோப்பைத் தரும் ஜிஓஜியில் வாங்கி, அந்தக் கோப்பை ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஸ்டீமில் வாங்கியவர்களுக்கு கேமில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் அசல் வடிவமும் வேண்டும் என்கிறவர்களுக்கு ஜிஓஜிதான் வசதி.

ஜெம்ஆர்பி லினக்ஸ் பயனர்களுக்கும், எஞ்சின் எப்படி இயங்குகிறது என்று திறந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும். இன்ஃபினிட்டி எஞ்சினை ஆர்வலர்கள் புதிதாக எழுதி, மூலநிரலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் அசல் கோப்புகளை இதில் கொடுத்தால் ஓடும். நிறுவனங்களெல்லாம் கைவிட்டாலும் இந்தக் கேம்கள் பிழைத்திருக்கும் என்ற நம்பிக்கையைத் தருவது இந்த மாதிரி முயற்சிகள்தான், அதனால் இதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நிம்மதியாக உட்கார்ந்து விளையாட மட்டும் வந்தவருக்கு இது தேவைப்படாது.

கடைசி வழி, திரும்பிப் போகாமலேயே இருப்பது. 2012-இல் அப்சிடியன் நிறுவனம் மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்டபோது ரசிகர்கள் ஏறத்தாழ 40 லட்சம் டாலரை அள்ளிக் கொடுத்தார்கள். அதில் உருவாகி 2015-இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் அதே ஓவியப் பின்னணி, அதே ஆறு பேர் குழு, அதே நிறுத்தி நிறுத்தி ஆடும் சண்டை எல்லாம் உண்டு. தெரியாத ஊர், தெரியாத விதிகள் என்பதால் பழைய பயமும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் உலக வரலாற்றை அது முதல் மணி நேரத்திலேயே அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. பால்டர்ஸ் கேட்டில் வழிப்போக்கர்கள் இரண்டு வரி பேசிவிட்டுப் போய்விடுவார்கள், அந்த லேசான தன்மை இதில் இல்லை.

2023 ஆகஸ்டில் லாரியன் கொண்டுவந்த பால்டர்ஸ் கேட் 3 வேறு இனம். முறை வைத்து ஆடும் சண்டை, நான்கு பேர் குழு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகள். கதை நடப்பது நூறு வருடத்துக்கும் மேல் பிந்தி. ஜஹேராவும் மின்ஸ்க்கும் வருகிறார்கள், அவர்களைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது உண்மை. கடந்த பல வருடங்களில் வந்த ஆர்பிஜிகளில் இதைவிடப் பெரிய சாதனையை நான் பார்க்கவில்லை. ஆனாலும் இது பழையதன் இடத்தை நிரப்பாது. இதில் நீங்கள் தொடக்கத்திலிருந்தே முக்கியமானவர், எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு மூலையிலும் உங்களுக்காக ஏதோ எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் பாகத்தில் வரைபடத்தின் பாதிப் பகுதிகளில் ஒன்றுமே இருக்காது. மரம், மழை, எங்கோ ஒரு கிப்பர்லிங் கூட்டம். அந்த வெறுமை ஏங்க வைக்கிறது என்றால் புதிய கேம் எதிலும் அது கிடைக்காது.

இந்தக் கணக்கு எல்லாப் பழைய கேமுக்கும் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளேன்ஸ்கேப் டார்மென்ட்டுக்கு 2017-இல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன்தான், யோசிக்கவே வேண்டாம். அது படிக்கும் கேம், எழுத்து பெரிதாகத் தெரிந்தால் போதும். ஐஸ்விண்ட் டேல் இரண்டாம் பாகத்தின் மூலநிரல் கிடைக்காததால் பீம்டாக்கால் அதைத் தொட முடியவில்லை, அங்கே அசலும் ரசிகர் மாட்டும்தான் கதி. 1992-இன் அல்டிமா VII தனக்கென்று ஒரு வினோதமான நினைவக முறையை வைத்திருந்ததால் விண்டோஸோடு ஒத்துப்போகவே இல்லை. எக்ஸல்ட் என்ற திறந்த எஞ்சினில் அது சுகமாக ஓடுகிறது. 1996-இன் டாகர்ஃபாலை பெதஸ்டா 2009-இலேயே இலவசமாக்கிவிட்டது. அதை டாகர்ஃபால் யூனிட்டியில் விளையாடுங்கள், ரசிகர்கள் வருடக்கணக்கில் உழைத்து 2023-இன் கடைசி நாளில் அதன் 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். 1997-இன் ஃபால்அவுட் இன்றும் அசலாகவே நிற்கிறது. குடிநீர்ச் சில்லைத் தேட 150 நாள் கெடு என்ற அந்த நெருக்கடியே அதைத் தூக்கி நிறுத்தும்.

மறு ஆக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் விசர்ட்ரி. 1981-இல் ஆப்பிள் II கணினிக்கு வந்த முதல் விசர்ட்ரியை டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2024-இல் புதுப்பித்தது. முப்பரிமாணக் காட்சிகளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது அந்தப் பழைய நிரல்தான். வேண்டுமென்றால் திரையின் மூலையில் அசல் ஆப்பிள் II திரையையும் பார்த்துக்கொண்டே விளையாடலாம். புதியதையும் பழையதையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்காமல் ஒரே நேரத்தில் கண்முன் வைத்திருக்கிறார்கள். பால்டர்ஸ் கேட்டுக்கு அப்படி ஒன்று வந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

அப்புறம், என் தேர்வு. கணினியில் என்ஹான்ஸ்டு எடிஷன், சில கட்டுப்பாடுகளோடு. கடினத்தை கோர் ரூல்ஸில் வையுங்கள், மேஜை விதிகளுக்கு நெருக்கமானது அதுதான். பாத்திரங்களைச் சுற்றி வரும் கருப்புக் கோட்டை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள், ஓவியத்தோடு அவர்கள் ஒன்றிப்போவார்கள். படத்தை முழுக்கச் சிறிதாக்கிக் காட்டின் பாதியை ஒரே பார்வையில் பார்க்காமல், கிட்டத்தில் வைத்தே நடங்கள். சிறப்புப் பிரிவு எதுவும் இல்லாத ஒரு சாதாரணப் போர்வீரனையோ திருடனையோ எடுங்கள். நீங்கள் இதுவரை சேர்க்காத தோழர்களை அழைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் செத்தால் உடனே சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறக்காமல், கோயிலுக்குத் தூக்கிப்போய்க் காசு கொடுத்து எழுப்ப முடியுமா என்று பாருங்கள். எங்கே என்ன புதையல் இருக்கிறது என்று இணையத்தில் தேடாதீர்கள். பாதியை மறந்திருப்பீர்கள், அந்த மறதியைத்தான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: இசையும் அந்தச் சிறிய திரையும் காணொளிகளும்தான் உங்களுக்கு வேண்டியது என்றால், முழுதாக முடிக்கும் எண்ணமும் இல்லை என்றால், அசலையே போடுங்கள். கேண்டில்கீப்பிலிருந்து நாஷ்கெல் சுரங்கம்வரை அதில் நடந்தாலே மனம் நிறைந்துவிடும்.

முடித்த பிறகு அதே பாத்திரத்தை இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோகலாம், அதன் என்ஹான்ஸ்டு எடிஷன் 2013-இல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் பொருந்தும்படி 2016-இல் சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர் என்ற புதிய பாகத்தையும் பீம்டாக் எழுதியது. சண்டைகள் நன்றாக அமைந்திருக்கின்றன. ஆனால் பெரிய படைகள், முற்றுகை, நீங்கள் ஊரறிந்த வீரர் என்று போகும் கதை அது. முதல் சுற்றில் அதைத் தாண்டி நேராக இரண்டாம் பாகத்தின் ஆம்னுக்குப் போய்விடுங்கள்.